மூக்குச் சக்கரத்து மட்கார்டு

இரண்டு கைகள் ஓர் அலுமினியத் தகட்டின் மேல் சோப்புக்கட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தன. வலது கை தேய்த்தது. இடது கை தகட்டின் ஓரத்தைப் பிடித்து, எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தது. தகடு முழுவதும் சோப்புப் படிந்த பிறகு அதைத் திருப்பிப் பிடித்து, அடியில் ஊதுவிளக்கின் தீயைக் காட்டின. தீ ஓரிடத்திலும் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. சோப்பு மஞ்சளாகி, தேங்காய்ச் சிரட்டையின் நிறத்துக்கு வந்தது. அது கறுக்கத் தொடங்கிய கணத்தில் கை தீயை விலக்கிக்கொண்டது. இன்னும் ஒரு மூச்சு நேரம் காட்டியிருந்தால் தகட்டில் ஓட்டை விழுந்திருக்கும். இரும்பு உருகுவதற்கு முன் சிவந்து காட்டும். அலுமினியம் எதுவும் காட்டாது, அதனால்தான் சோப்பு.

ஆறிய தகடு தோல் போல வளைந்து கொடுத்தது. கைகள் அதைத் தண்டவாளத் துண்டின் மேல் போட்டு, மரத்தாலான கொட்டாப்புளியால் தட்டத் தொடங்கின. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே தகடு கால் விரற்கடை நகர்ந்தது. அரை மணி நேரத்தில் அது ஒரு சக்கரத்தின் முதுகை மூடும் வளைவுக்கு வந்துவிட்டது.

கைகள் பொன்னுதுரையுடையவை. மலாக்காவில் காஜா பேராங் சாலையோரம் தகரக் கடை வைத்திருந்தவர். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது. வாளி, புனல், மண்ணெண்ணெய் டின், கூரையோரத்து மழைநீர்ப் பீலி, சைக்கிள் மட்கார்டு என்று எதைக் கேட்டாலும் செய்வார். அன்று செய்துகொண்டிருந்ததும் மட்கார்டுதான். ஆனால் சைக்கிளுக்கு அல்ல, ஓர் ஆகாய விமானத்தின் மூக்குச் சக்கரத்துக்கு.

அவர் தொழிலை யாரிடமும் உட்கார்ந்து படிக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால் வாளிகள் ஒழுகும். தோட்டத்துத் தகரக் கொட்டகையில் அவற்றுக்கு ஈயம் வைக்க ஆள் வேண்டும். பதினாறு வயதில் அந்த வேலைக்குப் போனவர், ஒழுகிய வாளிகளைப் பிரித்துப் பார்த்தே வாளி செய்யக் கற்றுக்கொண்டார். அலுமினியம் ஜப்பான்காரன் காலத்தில் கைக்கு வந்தது. ரப்பர்க் காட்டுக்குள் விழுந்து கிடந்த ஒரு போர் விமானத்தின் இறக்கையை ஊரே வெட்டிக்கொண்டு போனது. பொன்னுதுரை தன் பங்கில் சீப்பும் சோற்றுத் தட்டும் செய்தார். முதல் ஆறு தட்டுகள் வளைக்கும்போது வெடித்தன. ஏழாவது வெடிக்கவில்லை. சோப்பு வழி அந்த ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே கிடைத்தது.

மெர்டேகா என்ற மலாயாவின் சுதந்திரம் வந்து ஓராண்டு ஆகியிருந்தது. பத்து பெரெண்டாம் விமானத் தளத்தில் ஒரு வெள்ளை விமானம் வந்து நின்றிருப்பதாக ஊரில் பேச்சு. அக்டோபர் மாதத்து இரண்டாம் திங்கட்கிழமை, அந்தத் தளத்தின் சாமான் கிடங்குக் கணக்கர் பிச்சை பொன்னுதுரையின் கடைக்கு வந்தார்.

பிச்சை காஜா பேராங்கில் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பைச் சேர்ந்தவர். பல தலைமுறைக்கு முன் தமிழ் வணிகர்கள் இந்த ஊர்ப் பெண்களைக் கட்டி உண்டான குடும்பங்கள் அங்கே இருப்பவை. கோயிலும் பொங்கலும் உண்டு. வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். பொன்னுதுரையும் அவரும் பேசிக்கொள்வது மலாயில்தான். ஆனாலும் தமிழ்ச் சொல் ஒன்று நினைவுக்கு வந்துவிட்டால் பிச்சை அதைப் பேச்சில் செருகாமல் விடமாட்டார்.

“தம்பி,” என்றார். அது அந்தச் சொற்களில் ஒன்று. “உன்னை ஒரு துரை கூப்பிடுறாரு. வெள்ளைக்காரத் துரை. நீயும் துரை. ரெண்டு துரைக்கும் நடுவுல நான் பிச்சை.”

“எதுக்கு? ஆபீஸுக்குப் பீலி கட்டணுமா?”

“பீலி இல்லலா. விமானத்துக்கு மட்கார்டு.”

வீட்டுக்குள்ளிருந்து பொன்னுதுரையின் மனைவி கமலவேணி எட்டிப் பார்த்தாள். “ஏரோப்ளேனுக்கு மட்கார்டா? மேல போறதுக்குச் சேறு எங்க இருந்து வருது?”

அதைத்தான் கிரேவனும் விளக்கினார். விமானத்தைச் செய்த ஆங்கிலேய நிறுவனத்தின் பொறியாளர். நெட்டையான, குரலை உயர்த்தாத மனிதர். தளத்துக் கொட்டகையில் பால் ஊற்றாத தேநீரைக் குடித்துக்கொண்டே அவர் ஆங்கிலத்தில் சொல்ல, பிச்சை மலாயில் சொன்னார்.

விமானத்தின் பெயர் டன்லின். அது கரையோரத்துச் சின்னப் பறவை ஒன்றின் பெயர். பெரிய நகரங்களுக்குப் பெரிய விமானங்கள் இருந்தன. சின்ன ஊர்களுக்கு, குறுகிய ஓடுபாதையில் நாற்பது பேரை ஏற்றி இறக்க, போர்க்காலத்துப் பழைய விமானங்களே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றின் இடத்துக்கு ஒன்று வேண்டும் என்று எட்டு ஆண்டுகளுக்கு முன் வரையத் தொடங்கினார்கள். முதலில் நான்கு எஞ்சின்கள் வைத்தார்கள். மோட்டார்காரில் இருப்பது போல் உருளையும் தண்டும் கொண்டவை. மரத்தில் முழு அளவு மாதிரி செய்து ஆட்களை உள்ளே உட்காரவைத்துப் பார்த்தார்கள். பறக்கவும் பறந்தது. வாங்கத்தான் யாரும் வரவில்லை. அதற்குள் காலம் மாறியிருந்தது. வந்து பார்த்தவர்களெல்லாம் டர்பைன் எஞ்சின் கேட்டார்கள். காற்றை வாய்வழியே இழுத்து, உள்ளே எரித்து, அந்த வேகத்தில் விசிறியைச் சுற்றும் புது எஞ்சின் அது. மண்ணெண்ணெயில் ஓடும்.

“மண்ணெண்ணெயா!” என்று பிச்சை பெயர்ப்பதை நிறுத்திவிட்டுத் தானே வியந்தார். “எங்க வீட்டு லேம்பு மாதிரி.”

நான்கு எஞ்சின்களையும் கழற்றிவிட்டு இரண்டு டர்பைன்களை வைத்தார்கள். அவை எடை குறைந்தவை. எடைச் சமன் கெட்டது. அதைச் சரிசெய்ய மூக்கை ஒன்றரை அடி நீட்டினார்கள். மூக்கோடு மூக்குச் சக்கரமும் முன்னால் போனது. இங்கிலாந்தில் இரண்டு ஆண்டு பறந்து பார்த்தபோது அதனால் தொல்லை ஒன்றும் இல்லை. அங்கே மழை தூறும், கான்கிரீட் பாதையில் வடிந்துவிடும். வெப்ப நாட்டுச் சோதனைக்கென்று மலாக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். முதல் நாளே அரை மணி நேரம் மழை கொட்டியது. ஓடுபாதையில் ஓர் அங்குலத் தண்ணீர். விமானம் அதில் ஓடியபோது மூக்குச் சக்கரம் இரண்டு பக்கமும் தண்ணீரை விசிறி போல் அடித்தது. அது நேராக எஞ்சின்களின் வாய்க்குள் போய் விழுந்தது. இடது எஞ்சின் இருமிவிட்டு அணைந்துபோனது.

“பழைய இடத்துலயே சக்கரம் இருந்திருந்தா தண்ணி எஞ்சின் வாய்க்கு எட்டியிருக்காது,” என்றார் பொன்னுதுரை. பிச்சை அதை ஆங்கிலத்தில் சொன்னதும் கிரேவன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று,” என்றார்.

தொழிற்சாலையிலிருந்து தடுப்பு வந்து சேர ஆறு வாரம் ஆகும். சோதனைக்கு இருந்ததோ இன்னும் பத்து நாள்தான். அதற்குள் தண்ணீர் வீச்சைத் தடுத்துக் காட்டாவிட்டால் டன்லின் மழை நாடுகளுக்கு உதவாது என்று எழுதிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். அதனால் உள்ளூரில் ஒரு தடுப்புச் செய்து பார்க்க நினைத்தார்கள்.

கிரேவன் பொன்னுதுரையை விமானத்தின் மூக்குக்கு அடியில் அழைத்துப்போய் நிமிர்ந்து பார்க்கச் சொன்னார். சக்கரம் மேலேறி ஒளிந்துகொள்ளும் குழி அங்கே இருந்தது. மட்கார்டும் சக்கரத்தோடு அந்தக் குழிக்குள் போக வேண்டும். சக்கரம் மேலே போன பின் அதற்கும் குழியின் கூரைக்கும் நடுவே இருக்கும் இடத்தைப் பொன்னுதுரை தன் எஃகு அடிக்கோலால் அளந்தார். தகரக்காரரும் தச்சரும் அங்குலத்தை எட்டாகப் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கையும் ஒரு நூல் என்பார்கள். மட்கார்டு வந்த பிறகு மிஞ்சும் இடைவெளி இரண்டரை நூல் என்று கணக்குப் போட்டார்.

“ஒரு நூலுக்குக் குறையக் கூடாது,” என்றார் கிரேவன், எட்டில் ஒரு பங்கு அங்குலத்தை விரலிடுக்கில் காட்டி. “ஏறும்போது சக்கரத்தின் கால் சற்று அசையும். மட்கார்டு கூரையில் சிக்கினால் சக்கரம் மறுபடி கீழே வராது. மூக்கை மண்ணில் தேய்த்துத்தான் இறங்க வேண்டும். உள்ளே ஒன்பது பேர் இருப்போம்.”

பொன்னுதுரை கடைக்குத் திரும்பினார். அவர் செய்த வாளி ஒழுகினால் திருப்பிக் கொண்டுவருவார்கள். அவர் வாங்கி ஈயம் வைத்துக் கொடுப்பார். அதுவரை அவர் செய்த எந்தப் பொருளுக்கும் அதற்கு மேல் கேடு இருந்ததில்லை.

செவ்வாய் முழுவதும் வேலை செய்தார். புதன்கிழமை மட்கார்டை மூக்குச் சக்கரத்தின் காலோடு இரண்டு கம்பித் தாங்கிகளில் பொருத்தினார்கள். ஒவ்வொரு தாங்கியின் நுனியிலும் திருகும் நட்டும் இருந்தன. அவற்றைக் கொண்டு மட்கார்டை ஏற்றலாம், இறக்கலாம். விமானத்தை முட்டுக்கொடுத்துத் தூக்கி, சக்கரத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். அரை நாள் பிடித்தது. எங்கும் இடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, உலர்ந்த பாதையில் வேகமாக ஓட்டிவிட்டு வந்தபோது மட்கார்டின் உட்புறம் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது. வேகத்தில் டயர் கொஞ்சம் பெருத்து உரசியிருந்தது. கிரேவன் குனிந்து பார்த்து, நட்டைத் தொட்டுக் காட்டி, ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார்.

பிச்சை மலாயில் தொடங்கி நிறுத்தினார். முகம் மலர்ந்தது. தமிழ்ச் சொல் ஒன்று அகப்பட்டுவிட்டது.

“தம்பி, நட்டு வெளியே. ரெண்டு பக்கமும். ரெண்டு நூல்!”

பொன்னுதுரைக்கும் மகிழ்ச்சி. பட்டறைக் கணக்கு இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்துக்கொண்டார். அடிக்கோலை வைத்து இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், குறித்தார். நட்டுகளை அந்தக் குறிக்கு நகர்த்தி இறுக்கினார். கிரேவன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய அளவுத்தகட்டை நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது. போதும் என்று எழுந்து கையொப்பமிட்டார். அடுத்த மழைக்குத் தண்ணீரில் ஓட்டம், அது சரியாக இருந்தால் உடனே பறப்பு என்று முடிவானது.

சனிக்கிழமை காலை வெயில் காய்ந்தது. பதினொரு மணிக்குப் பிச்சை கடைக்கு வந்தார். கையில் பித்தளை பம்ப் விளக்கு.

“நீங்க தளத்துல இல்லையா?” என்றார் பொன்னுதுரை.

“அங்க என்ன வேலை? பத்துப் பேரும் வானத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. கிரேவன் காலையில இருந்து மூணு தடவை மழை எப்ப வரும்னு என்கிட்ட கேட்டுட்டாரு. நான் என்ன, இந்திரனா?” விளக்கை மேசையில் வைத்தார். “இதைப் பாரு. காத்து நிக்க மாட்டேங்குது. இதோட” என்று தமிழுக்குத் தாவினார், “நூல் போச்சு.”

“நூலா? திரி சொல்றீங்களா?”

“திரி இல்ல. நூல், நூல்.” பிச்சை எண்ணெய்த் தொட்டியின் மூடியைத் திருகிக் கழற்றி, அதன் உட்புறத்தில் சுற்றிச் சுற்றிப் போகும் வரிகளை நகத்தால் நிரடினார். “தையல்காரன் வச்சிருக்கறது மலாய்ல பெனாங். பெனாங்குன்னா தமிழ்ல நூல். ஸ்குரூவுல இருக்கறதையும் நாங்க பெனாங்குன்னுதான் சொல்வோம். அப்ப இதுவும் நூல்தானே?”

“அது மரை,” என்றார் பொன்னுதுரை. “ஸ்குரூவுல இருந்தா மரை. நூல்னா துணி தைக்கிறது. இல்லன்னா...”

பொன்னுதுரையின் கண் அந்த வரிகளில் நின்றது.

“நேத்து நீங்க ரெண்டு நூல்னு சொன்னீங்களே. துரை என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க.”

“டூ த்ரெட்ஸ். ரெண்டு பெனாங். நட்டை ரெண்டு சுத்து வெளியே விடச் சொன்னாரு.”

பொன்னுதுரை அடிக்கோலை எடுத்தார். அந்தத் திருகில் அங்குலத்துக்குப் பதினாறு மரை. இரண்டு மரை என்றால் ஒரு நூல். அவர் விட்டதோ இரண்டு நூல். இருந்த இடைவெளி இரண்டரை. மிச்சம் அரை நூல். கிரேவன் ஒன்றுக்குக் குறையக் கூடாது என்றார். காலோ ஏறும்போது அசையும்.

“என்ன தம்பி? ஏன் இப்படி உக்காந்துட்ட?”

“அது ஏறினா எறங்காது,” என்றார் பொன்னுதுரை. சொன்ன விதத்தில் பிச்சைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

அப்போதுதான் வெளிச்சம் மங்கியதை இருவரும் கவனித்தார்கள். தெங்கேராப் பக்கம், கடலுக்கு மேல், வானம் கறுத்துத் திரண்டிருந்தது.

கமலவேணி வாசலுக்கு வந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “கணக்கை அப்புறம் பாருங்க. போங்க. கடையை நான் பாத்துக்கிறேன்.”

பத்து பெரெண்டாம் நாலு கட்டை தூரம், அதாவது நாலு மைல். பக்கத்தில் டெலிபோன் இல்லை. இருந்தது ஒரு சைக்கிள். பிச்சை ஐம்பது வயதுக்காரர், நல்ல கனம். பின் இருக்கையில் அவர் ஏறியதும் டயர் பாதி அமுங்கியது.

“நீ மட்டும் போலா. நான் உனக்குப் பாரம்.”

“நான் போய்ச் சொன்னா துரைக்கு எப்படிப் புரியும்? உக்காருங்க.”

இரண்டாம் கட்டையில் முதல் துளிகள் விழுந்தன. அந்த ஊரில் மழை தூறித் தொடங்காது. ஐந்து நிமிடத்தில் சாலை தெரியவில்லை. விமானத் தளத்தில் பத்துப் பேர் இந்த மழைக்கு எழுந்து நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள் என்று பொன்னுதுரைக்குத் தெரியும். அவர் நின்றுகொண்டே மிதித்தார். பின்னால் பிச்சை, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் மலாயில் கூப்பிட்டார்.

தளத்தின் வாசலில் சைக்கிள் நின்றபோது டன்லின் ஓடுபாதையில் இருந்தது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு முறை கடைசிவரை ஓடி முடித்திருந்தது. அங்கே மெதுவாகத் திரும்பி, மூக்கை மறுபடி பாதையின் பக்கம் வைத்து நின்றது. விசிறிகளின் ஓசை ஏறியது.

பிச்சை அவ்வளவு வேகமாக ஓடி யாரும் பார்த்ததில்லை. கட்டுப்பாட்டு அறையின் மரப்படிகளில் ஏறி, ரேடியோவில் இருந்த அதிகாரியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

“நிறுத்தச் சொல்லுங்க! ரெண்டு நூல் ரெண்டு நூல் இல்ல!”

“என்னது?”

“ரெண்டு நூல்... அது வேற நூல்!”

“பிச்சை, உங்களுக்கு உடம்புக்கு என்ன?”

மூச்சு வாங்கப் படியேறி வந்த பொன்னுதுரை தன் மலாயில், மெதுவாக, ஒரே வாக்கியம் சொன்னார். “முன் சக்கரம் மேலே போனால் கீழே வராது, துவான்.”

அதிகாரி ரேடியோவின் விசையை அழுத்தினார்.

ஓசை ஏறிய நிலையில் சில வினாடி நின்றது. பிறகு இறங்கியது. விசிறிகளின் இதழ்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கி, கடைசியில் நின்றன. பொன்னுதுரை அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்தார். சட்டையிலிருந்து தண்ணீர் வழிந்தது. நெஞ்சு லேசாகியிருந்தது. இனி யார் என்ன திட்டினாலும் திட்டட்டும்.

யாரும் திட்டவில்லை. கிரேவன் மழையில் நடந்து வந்தார். பிச்சை சொல்வதை முழுவதும் கேட்டார். நடுவில் ஒரு முறை நிறுத்தச் சொல்லி, நூல், மரை என்ற இரண்டு சொற்களையும் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

“தப்பு என்னுதுன்னு சொல்லுங்க,” என்றார் பொன்னுதுரை. “திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்கல.”

பிச்சை ஆங்கிலத்தில் சொன்னார். கிரேவன் பிச்சையைப் பார்த்தார். “யாருடைய தப்பு என்கிறார்? உங்களுடையதா, அவருடையதா?”

“ஆளுக்குப் பாதி, சார்.”

“மூன்றாகப் பிரியுங்கள்,” என்றார் கிரேவன். “நான் டயர்ப் பக்கம் மட்டும் அளந்தேன். கூரைப் பக்கம் அளக்கவில்லை.”

மழை விட்டதும் விமானத்தைக் கொட்டகைக்கு இழுத்து, மறுபடி முட்டுக்கொடுத்துத் தூக்கினார்கள். பொன்னுதுரை விளக்குக் கரியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து மட்கார்டின் முதுகில் பூசினார். இரண்டு பொருள் எங்கே முட்டுகின்றன என்று பார்க்க அவர் பட்டறையில் செய்கிற வழி அது. சக்கரத்தை ஏற்றினார்கள். இறக்கியபோது குழியின் கூரையில், வெள்ளை வண்ணத்தின் மேல், கட்டைவிரல் நீளத்துக்குக் கரி ஒட்டியிருந்தது. அசையாத கொட்டகையில், மெதுவாக ஏற்றியே அவ்வளவு. விமானி வந்து அந்தக் கரியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பொன்னுதுரையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருடைய கையும் கரியாயிற்று.

நட்டை ஒரு நூல் உள்ளே கொண்டுவந்து, மறுபடி கரி பூசி ஏற்றினார்கள். கூரை சுத்தமாக இருந்தது.

அன்றைய தண்ணீர் ஓட்டத்தில் இன்னொன்றும் தெரிந்திருந்தது. மட்கார்டு வீச்சைப் பாதியாகக் குறைத்திருந்தது. மீதித் தண்ணீர் மட்கார்டின் பக்க விளிம்பைப் பற்றிக்கொண்டு ஓடி, அங்கிருந்து சிதறி, இன்னும் எஞ்சினின் வாயை நனைத்தது. கிரேவன் படம் வரைந்து யோசித்துக்கொண்டிருந்தார். பொன்னுதுரை பிச்சையைத் தொட்டுக் கூப்பிட்டார்.

“கூரைத் தண்ணி செவுத்துல வழியாம இருக்க ஓரத்தைக் கீழ மடக்குவோம். அதையே இதுல செஞ்சா என்னன்னு கேளுங்க. சொல்லால வேணாம். இந்தாங்க, காட்டுங்க.” ஒரு தகரத் துண்டின் ஓரத்தை விரலால் வெளியே தள்ளிக் கீழே மடக்கிக் கொடுத்தார்.

கிரேவன் அந்தத் துண்டை வாங்கிக் குழாய்த் தண்ணீரில் பிடித்தார். ஓரம் வரை வந்த தண்ணீர் மடிப்பில் நின்று, நேராகக் கீழே விழுந்தது. மறுபடி பிடித்தார். மறுபடியும் அப்படியே.

ஞாயிற்றுக்கிழமை பொன்னுதுரை கழற்றி வந்த மட்கார்டின் இரண்டு ஓரங்களுக்கும் சோப்புத் தேய்த்துச் சூடுகாட்டி, உள்ளே கம்பி வைத்து, வாளியின் வாய் போல உருட்டி மடித்தார். அன்று பேச்சே இல்லை. எல்லா அளவையும் கிரேவன் தகட்டின் மேலேயே பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்திருந்தார். கமலவேணி சோற்றை மூடி வைத்துவிட்டு, “இன்னைக்கும் யாராச்சும் தமிழ்ல பேசினா கதவைச் சாத்திருவேன்,” என்றாள்.

திங்கள் மாலை நான்கு மணிக்கு மழை வந்தது. மழை விட்டதும் டன்லின் தண்ணீரில் ஓடியது. மூக்குக்கு அடியிலிருந்து இரண்டு பக்கமும் எழுந்த விசிறி இப்போது இல்லை. தரையோடு தாழ்ந்த இரண்டு வெள்ளைக் கோடுகள் மட்டும் தெரிந்தன. விமானம் எழும்பியது. மூக்குச் சக்கரம் மடங்கி, குழிக்குள் போய், கதவு மூடியது.

பொன்னுதுரை புல்லில் நின்றார். விமானம் மலாக்கா நதியின் பக்கம் சாய்ந்து, பண்டார் ஹிலிருக்கு மேல் வட்டம் போட்டு வரப் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பிச்சை பக்கத்தில் நின்றார். ரப்பர் மரங்களுக்கு மேல் விமானம் தாழ்ந்து வந்தபோது அதன் வயிறு வெறுமையாகத் தெரிந்தது. பிறகு மூக்கில் கதவு திறந்தது. கால் வந்தது. சக்கரம் வந்தது. அதன் முதுகில் மட்கார்டு இருந்தது.

“வந்துருச்சு,” என்றார் பிச்சை.

“தெரியுது,” என்றார் பொன்னுதுரை. அவருக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியாமல் இருவரும் சிரித்தார்கள். மூன்று சக்கரமும் நனைந்த பாதையைத் தொட்டு ஓடி நின்ற பிறகும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிரேவன் இறங்கி ஓடிப்போய் ஏணி வைத்து, இரண்டு எஞ்சின்களின் வாய்க்குள்ளும் கையை விட்டுத் துடைத்தார். கையை உயர்த்திக் காட்டினார். காய்ந்திருந்தது.

அந்த வாரம் இன்னும் இரண்டு மழை. இரண்டிலும் பறந்தது. இரண்டு முறையும் சக்கரம் ஏறியது, இறங்கியது. சோதனை அறிக்கையில், தொழிற்சாலையில் புதிதாகக் கட்டும் டன்லின்களுக்கெல்லாம் இப்படி ஓரம் மடித்த தடுப்பு வேண்டும் என்று கிரேவன் எழுதினார். விமானத்தில் இருப்பதைக் கழற்ற முடியாது; வழியெல்லாம் மழை. தொழிற்சாலையில் அச்செடுக்க மாதிரியாக இன்னொன்று வேண்டும் என்று கேட்டார்.

அதைச் செய்யப் பொன்னுதுரை மூன்று நாள் எடுத்துக்கொண்டார். முதலாவது அவசரத்தில் செய்தது. அதில் கொட்டாப்புளியின் தடம் நான்கு இடங்களில் இருந்தது. அது அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். இரண்டாவதில் ஒன்றுகூட இல்லாமல் பார்த்துக்கொண்டார். கம்பி மடிப்பை விரல் நுனியால் தடவித் தடவிப் பிசிறு தேய்த்தார். வளைவை முதலாவதின் மேல் கவிழ்த்து, ஒரு தாளைக்கூட நுழைக்க முடியாத அளவுக்குப் பொருந்துகிறதா என்று சுற்றிலும் பார்த்தார்.

புறப்படும் நாள் காலை பத்து மணிக்கு அதை வெள்ளைத் துணியில் சுற்றிச் சைக்கிளில் கட்டி எடுத்துப் போனார். டன்லினின் ஏணி இறக்கியிருந்தது. கிரேவன் அடிப்படியில் நின்றிருந்தார். பொன்னுதுரை துணியைப் பிரித்தார். கிரேவன் தன் அளவுகோலை எடுத்து, வளைவை மூன்று இடத்தில் அளந்தார். பிறகு தாங்கிகள் மாட்டும் துளைகளை அளந்தார். பிறகு கூரைப் பக்கம் வரும் முதுகை அளந்தார். அதை இரண்டு முறை அளந்தார்.

பொன்னுதுரை காத்திருந்தார்.

“சரியாக இருக்கிறது,” என்றார் கிரேவன்.

பிச்சை அதை மலாயில் சொல்ல வாயெடுத்தார். தேவையில்லை என்று பொன்னுதுரை தலையசைத்தார். மட்கார்டை இரண்டு கைகளாலும் தூக்கி, மடித்த ஓரம் கீழே இருக்கும்படி பிடித்து, நீட்டினார். கிரேவன் அளவுகோலைப் பைக்குள் போட்டுவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.